களஞ்சியக் கூரையும் காற்றழுத்தமும்

2022-ஆம் வருஷம் டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையேறியதைச் செங்கற்பட்டு ஜில்லாவினர் மறந்திரார். புயல் தகரக் கூரையைத் தள்ளிப் பெயர்ப்பதாகவே பலர் எண்ணுகின்றனர். அது பெரும்பாலும் பிழை. விளிம்பைத் தாண்டி விரையும் காற்று மேற்புற அழுத்தத்தைக் குறைக்க, உள்ளிருக்கும் காற்று தகட்டை மேலே எழுப்புகிறது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகக் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 38 கிலோ. மூலைகளில் இழுப்பு இதனினும் மிகுவதுண்டு.

சில நூறு ரூபாய் விலையுள்ள சிறு அழுத்தமானிகள் இவ்வேற்றத்தாழ்வை அளக்க வல்லன. ஆராய்ச்சிசாலைச் சோதனை மாதிரிகளுக்கே உரியது. தோப்பருகே நிற்கும் களஞ்சியத்தின் நிலைமை அவ்விடத்திலேயே அறியத்தக்கது. ஆகையால் கடலோரக் கிராமங்களில் சில களஞ்சியங்களிலேனும், கூரையின் மேலும் கீழும் இவற்றை மழைநீர் புகாவண்ணம் பொருத்திக் கணக்கு வைத்தல் கிராம அதிகாரிகளின் கடமையாதல் வேண்டும்.

அதுவரை மிராசுதார்கள் ஓரத் தகடுகளின் கொக்கி ஆணிகளை நெருக்கமாக இட்டு முடுக்குவது அவசியம். நெல் நனைந்தபின் கூரையைத் தேடுவதால் பயனில்லை.