சரயேவோவில் நான்காவது கோப்பை



சென்ற மாதக் குழுக்கூட்டம் முடிந்து புறப்படும்போது ஒரு சகோதரி என்னை மறித்து, "மிஸ், நீங்கள் வெளிநாடு போய் வந்தனீங்கள்தானே. அங்கேயும் எங்களைப்போலச் சனம் இருக்குதோ?" என்று கேட்டார். பஸ் வந்துவிட்டதால் பதில் சொல்ல முடியவில்லை. அதை இந்த மாதம் இங்கே எழுதுகிறேன்.

2018 மார்ச் மாதத்தில் மூன்று வாரப் பயிற்சி ஒன்றுக்காக பொஸ்னியா நாட்டின் தலைநகரான சரயேவோவுக்குச் சென்றிருந்தேன். யுத்தத்தால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுடன் வேலை செய்பவர்களுக்கான பயிற்சி அது. வகுப்பில் எழுதிய குறிப்புகள் கொப்பியில் இருக்கின்றன. மனதில் நிற்பது அந்த நகரத்தின் அன்றாட வாழ்க்கைதான்.

சரயேவோவைச் சுற்றிலும் மலைகள். நடுவே மில்யாட்ஸ்கா என்ற சிறிய ஆறு ஓடுகிறது. 1992 ஏப்ரல் முதல் 1996 பெப்ரவரி வரை, 1,425 நாட்கள், இந்த நகரம் முற்றுகையில் இருந்தது. மலைகளிலிருந்து ஷெல் விழுந்தது. தண்ணீர், மின்சாரம் இல்லை. குடிதண்ணீருக்குப் பிளாஸ்டிக் கலன்களுடன் வரிசையில் நின்றவர்களும் கொல்லப்பட்டார்கள். இதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

முதல் நாள் காலை ட்ராம் வண்டியில் ஏறினேன். தண்டவாளத்தில் நகரத் தெருக்களின் நடுவே ஓடும் வண்டி அது. முற்றுகையின்போது நின்றுபோய், 1994 இல் மீண்டும் ஓடத் தொடங்கியதாம். அப்போது டிக்கட்டைத் தெருவோரப் பெட்டிக்கடையில் வாங்கி, வண்டிக்குள் இருந்த சிறு இயந்திரத்தில் அடையாளம் குத்த வேண்டியிருந்தது. எனக்கு அது தெரியாது. டிக்கட்டைக் கையில் பொத்திப் பிடித்தபடி இருந்தேன். பக்கத்தில் இருந்த வயதான பெண்மணி ஒன்றும் பேசாமல் அதை வாங்கி, எழுந்துபோய்க் குத்தி, திரும்பக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். மொழி தெரியாத ஊரில் எனக்குக் கிடைத்த முதல் உதவி அதுதான்.

இறங்கி நடக்கும்போது நடைபாதையில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. பூவிதழ்கள் சிந்திக் கிடப்பதுபோல இருந்தது. குனிந்து பார்த்தேன். ஷெல் விழுந்து சிதறிய தடத்தைச் சிவப்புப் பிசினால் நிரப்பியிருக்கிறார்கள். மக்கள் உயிரிழந்த இடங்களில் இப்படிச் செய்திருக்கிறார்கள். "சரயேவோ ரோஜா" என்று இவற்றுக்குப் பெயர். பள்ளிப் பிள்ளைகளும் மரக்கறிப் பையோடு வரும் பெண்களும் அதன்மேல் நடந்து போகிறார்கள். எனக்குக் கால் வைக்க மனம் வரவில்லை.

மார்க்காலே என்ற சந்தைக்கும் போனேன். 1994 பெப்ரவரி 5 ஆம் திகதி அங்கே விழுந்த ஒரே ஷெல்லில் 68 பேர் இறந்தார்கள். இறந்தவர்களின் பெயர்கள் பின்பக்கச் சுவரில் எழுதப்பட்டுள்ளன. அந்தச் சுவருக்கு முன்னால் பெண்கள் கீரையும் உருளைக்கிழங்கும் அப்பிளும் விற்கிறார்கள். "நேற்றைய விலை இல்லையே" என்று வாங்குபவர் முகம் சுளிப்பதும், விற்பவர் கையை விரிப்பதும் எங்கள் சந்தையில் நடப்பது போலவே இருந்தது.

நான் தங்கியிருந்தது ஒரு விதவைத் தாயின் வீட்டில். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னதும் எனக்கு ஊர் நினைவு வந்தது. அங்கேயும் பாதணியோடு வீட்டுக்குள் போகமாட்டார்கள். வருபவருக்குக் குளிருக்காக வீட்டுச் செருப்பு ஒரு சோடி கொடுப்பார்கள். விறகு அடுப்பு எரியும் ஒரே அறையில்தான் பகல் முழுவதும் இருப்போம். மற்ற அறைகளைச் சூடாக்க அவரிடம் வசதி இல்லை.

பின்னேரங்களில் கோப்பி. நீண்ட பிடியுள்ள சிறு செப்புப் பாத்திரத்தில் காய்ச்சி, பிடியில்லாத சின்னக் கோப்பைகளில் ஊற்றுவார். சீனிக் கட்டியின் முனையை அதில் தோய்த்துக் கடித்துவிட்டு ஒரு மிடறு குடிக்க வேண்டும். அவசரமாகக் குடித்துவிட்டு எழும்பக் கூடாது. ஒரு கோப்பைக்கு ஒரு மணித்தியாலமாவது செல்லும்.

அம்மா, மகள், நான் என்று மூன்று பேர். தட்டில் நான்கு கோப்பைகள் இருந்தன. நான்காவதில் அவர் கோப்பி ஊற்றவில்லை. கழுவித் துடைத்து வைப்பார், பிறகு எடுத்து வைப்பார். யாருக்கு என்று மூன்றாம் நாள் கேட்டேன். மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். நாட்டின் கிழக்கே இருந்த அவர்களது ஊரிலிருந்து 1992 இல் தந்தையையும் மாமாவையும் பிடித்துக்கொண்டு போனார்கள். இருவரும் திரும்பவில்லை.

பொஸ்னியாவில் அந்த யுத்தத்தில் காணாமற்போனவர்கள் 30,000 பேருக்கும் அதிகம். 1996 இல் காணாமற்போனோருக்கான சர்வதேச ஆணைக்குழு அமைக்கப்பட்டது. உறவினரின் விரல் நுனியில் எடுக்கும் சில துளி இரத்தத்தைத் தோண்டியெடுத்த எலும்புகளோடு மரபணுப் பரிசோதனையில் ஒப்பிடுகிறார்கள். பெரும்பாலானோர் இப்படித்தான் அடையாளம் காணப்பட்டார்கள். 7,000 பேருக்கும் அதிகமானோர் இன்னமும் கிடைக்கவில்லை. தகவல் அறியும் உரிமையைக் குடும்பங்களுக்கு வழங்கும் சட்டம் 2004 இல் வந்தது. ஆனால் அச்சட்டம் சொன்ன உதவி நிதி பல வருடங்கள் சென்றும் அமைக்கப்படவில்லை என்று பெண்கள் கோபத்தோடு சொல்கிறார்கள்.

புதைகுழிகளை இயந்திரங்களால் கிளறி உடல்களை வேறிடங்களுக்கு மாற்றியதால், ஒருவரின் எலும்புகள் இரண்டு மூன்று குழிகளில் கிடைப்பதுண்டு. கிடைத்ததை அடக்கம் செய்வதா, மீதிக்குக் காத்திருப்பதா என்பதைக் குடும்பம்தான் தீர்மானிக்க வேண்டும். இந்த அம்மா கணவரின் கிடைத்த எலும்புகளை அடக்கம் செய்துவிட்டார். தம்பியின் செய்தி இல்லை. நான்காவது கோப்பை அந்தத் தம்பிக்கு.

அப்போது எனக்கு வன்னியில் ஒரு அக்காவின் நினைவு வந்தது. 2009 இல் காணாமற்போன மகனுக்கென்று தினமும் இரவில் ஒரு தட்டுச் சோற்றை மூடி வைப்பார். "அக்கா, இதை விட்டால்தான் நீங்கள் முன்னேறலாம்" என்று நான் சொல்லியிருந்தேன். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த துணிச்சல். அவர் மறுமொழி சொல்லவில்லை. அடுத்த கூட்டத்துக்கும் வரவில்லை. அவருக்கு வேலை கூடிவிட்டது என்று நான் பதிவேட்டில் எழுதி வைத்தேன்.

"இப்படி வைப்பது உங்களுக்கு இன்னும் வேதனையாக இல்லையா?" என்று பொஸ்னிய அம்மாவிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேதனை கோப்பையால் வரவில்லையே, மகளே. காலையில் வேலைக்குப் போகிறேன், வாடகை கட்டுகிறேன், பேரப்பிள்ளைக்குப் பின்னல் சட்டை பின்னுகிறேன். கோப்பையும் வைக்கிறேன்" என்றார்.

எல்லாம் ஆறிப்போன நகரம் என்று நினைத்துவிடாதீர்கள். இளைஞர்கள் வேலை தேடி நாட்டை விட்டுப் போகிறார்கள். நாட்டின் சில இடங்களில் ஒரே பள்ளிக் கட்டடத்தில் இரு சமூகப் பிள்ளைகளும் வேறு வேறாகப் படிக்கிறார்கள். நடந்ததை மறுப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஊர் திரும்பிய அடுத்த வாரம் அந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன். "மன்னியுங்கோ அக்கா, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். "இருங்கோ மிஸ், தேத்தண்ணி போடுறன்" என்றார். அன்று பொழுதுபடும்வரை மகனைப் பற்றியே பேசினார். சின்ன வயதில் கிணற்றடியில் விழுந்தது, மாம்பழத்துக்கு உப்புத் தொட்டுத் தின்றது, எல்லாம் சொன்னார். நான் எந்தப் படிவமும் எடுத்துப் போகவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அவர் வந்தார். கோழி வளர்ப்புக் கடனுக்கும் விண்ணப்பித்தார். இரவில் சோற்றை இப்போதும் மூடி வைக்கிறார்.

கேள்வி கேட்ட சகோதரிக்கு: ஓம், அங்கேயும் எங்களைப்போலச் சனம் இருக்கிறது. உங்கள் அயலில் இப்படிக் காத்திருக்கும் ஒருவர் இருந்தால், இந்த வாரம் ஒரு பின்னேரம் அவரிடம் போய்வாருங்கள். அவசரமில்லாமல் இருந்து தேத்தண்ணி குடியுங்கள்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.