'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க..!' - எதை, யாரு, எத்தனை நாளைக்கு?

மூணு பேர் உட்காரும் பஸ் சீட். நாலாவதாக ஒரு அக்கா வந்து நின்று, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா" என்பார். ஜன்னலோரம் இருக்கும் காலேஜ் பொண்ணு பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளும். நடுவில் இருப்பவர் ஒருக்களித்துத் திரும்புவார். அக்கா அரை ஆளாக உட்கார்ந்துவிடுவார். உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி வரும் பஸ்ஸில் ஏறியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இந்த வார வார்த்தை அதுதான். அட்ஜஸ்ட்!

லண்டன் பஸ்ஸில் போய் 'ப்ளீஸ் அட்ஜஸ்ட்' என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். 'எதை?' என்று முழிப்பார்கள். ஆங்கிலத்தில் பெரும்பாலும் இந்த வினைச்சொல்லோடு எதை என்பதும் வந்துவிடும். 'அட்ஜஸ்ட் த மிரர்' என்றால் கண்ணாடியைச் சரிசெய். 'அட்ஜஸ்ட் டு த நியூ ஸ்கூல்' என்றால் புதுப் பள்ளிக்குப் பழகிக்கொள். பஸ்ஸில் இடம் கேட்க அவர்கள் சொல்வது, 'குட் யூ மூவ் ஓவர் எ லிட்டில்?'. இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால், நம்ம அக்கா சொன்னதும் ஒன்றும் மோசமில்லை. பழைய பிரெஞ்சு வழியாக வந்த இந்தச் சொல்லின் வேரில் 'ஜக்ஸ்டா' என்ற லத்தீன் சொல் இருக்கிறது. அர்த்தம், 'அருகே'. நெருங்கி உட்காரச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வார்த்தை கிடைக்குமா?

தமிழுக்கு வந்த பிறகு இது என்ன ஆனது என்பதுதான் சுவாரஸ்யம். 'அவன் அட்ஜஸ்ட்டினான்' என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கில வினைச்சொல் எது வந்தாலும் அதன் பின்னால் 'பண்ணு' அல்லது 'ஆகு' ஒட்டிக்கொள்ளும். ஹிந்திக்காரர்கள் 'கர்னா' சேர்ப்பதும் இதே கதைதான். மெக்கானிக்கிடம் 'பிரேக்கை அட்ஜஸ்ட் பண்ணு' என்றால் மாறப்போவது பிரேக். அதுவே 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ' என்றால்? அந்தக் குட்டியூண்டு 'கோ' வந்ததும் மாறவேண்டியது நீங்கள் ஆகிவிடுகிறீர்கள். பிரேக் அப்படியேதான் இருக்கும்.

கடையில் மீதி ரெண்டு ரூபாய்க்குச் சாக்லேட் தந்து 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க' என்பது இந்த வகை. கணக்கு இடிக்கும்போது 'பார்த்து அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்' என்பது இன்னொரு வகை. இதற்கு நம்ம ஊர்ப் பக்கமே பழைய பதில் உண்டு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைப் பார்த்திருப்பீர்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது, அவருடைய உறவினர்கள் பெயரையும் போடக் கூடாது என்கிறது அது. ஆயிரம் வருஷம் முன்னாடியே நோ அட்ஜஸ்ட்மென்ட்!

வீட்டுக்குள் வந்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது. "மாமியார்னா அப்படித்தான், அட்ஜஸ்ட் பண்ணிக்கோ." "குடிச்சா கை நீட்டுவான், மத்தபடி தங்கமான பையன், நீதான் அட்ஜஸ்ட் பண்ணிப் போகணும்." பஸ் சீட்டில் எல்லோரும் ஆளுக்கு ரெண்டு இன்ச் நகர்ந்தார்கள், அதுவும் இறங்கும் ஸ்டாப் வரைக்கும்தான். இங்கே நகரச் சொல்வது ஒருத்தியை மட்டும், இறங்கும் ஸ்டாப்பும் கிடையாது. மாப்பிள்ளையை உட்காரவைத்து 'நீ அட்ஜஸ்ட் பண்ணிக்கோப்பா' என்று சொன்ன பஞ்சாயத்தை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

சினிமாவில் இந்த வார்த்தைக்கு இன்னும் கசப்பான அர்த்தம். மலையாள சினிமா பற்றிய ஹேமா கமிட்டி அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானபோது, அங்குள்ள பெண்களுக்கு நன்றாகப் பழகிப்போன சொற்களாக அது குறிப்பிட்டவை ரெண்டு: 'காம்ப்ரமைஸ்', 'அட்ஜஸ்ட்மென்ட்'. வாய்ப்பு வேண்டுமென்றால் இணங்கு என்பதற்கு நாகரிகமான பெயர்.

கை நீட்டுவதை 'அட்ஜஸ்ட்' கணக்கில் சேர்க்கச் சட்டம் விடவில்லை. 2005-ல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் அடி மட்டுமல்ல, வசவு, மிரட்டல், செலவுக்குப் பணம் தராமல் வதைப்பது எல்லாமே வன்முறைதான். தமிழ்நாட்டில் பெண்கள் உதவி எண் 181. எந்த நேரமும் கூப்பிடலாம்.

இனி யாராவது இந்த வார்த்தையைச் சொன்னால், அந்த லண்டன்காரர் மாதிரி 'எதை?' என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பஸ்ஸில் மட்டும் வேண்டாம். அங்கே பையை மடியில் எடுத்து வைத்துவிடுங்கள், அந்த அக்கா காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்திருப்பார்.

அடுத்த வார வார்த்தை: 'மேனேஜ்'!