வத்தலக்குண்டின் எழுத்தை வகுப்பறைக்குக் கொண்டுவருவோம்

திண்டுக்கல் என்றதும் பூட்டும் பிரியாணியும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. தமிழாசிரியையான நான், அவற்றோடு வத்தலக்குண்டின் எழுத்தையும் சேர்க்கச் சொல்கிறேன்.

அங்கே 1872இல் பிறந்தவர் பி.ஆர்.ராஜம் ஐயர். 1893இல் ‘விவேகசிந்தாமணி’ இதழில் ‘கமலாம்பாள் சரித்திரம்’ தொடரைத் தொடங்கியபோது அவருக்கு வயது 21. சென்னையில் 1896இல் பிறந்த ‘பிரபுத்த பாரத’ ஆங்கில இதழின் முதல் ஆசிரியரும் அவரே. 1898இல், 26 வயதில் மறைந்துவிட்டார். அந்தக் குறுகிய வாழ்வில் அவர் தந்தது தமிழின் முன்னோடி நாவல்களில் ஒன்று. ஊர்வம்பும் குடும்பப் பூசலும் ஜல்லிக்கட்டுமாக நம் மண்ணின் கிராமம் அதில் உயிரோடு இருக்கிறது.

‘மணிக்கொடி’யைச் சிறுகதை ஏடாக வளர்த்த பி.எஸ்.ராமையாவும், 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி.சு.செல்லப்பாவும் இதே ஊர்க்காரர்கள்.

நிலக்கோட்டையிலிருந்தும் சின்னாளபட்டியிலிருந்தும் வரும் என் மாணவிகள், கதை எழுதுவதைச் சென்னைக்காரர்களின் வேலை என்றே நினைக்கிறார்கள். இந்த எண்ணத்தை மாற்றியாக வேண்டும். நம் மாவட்டத்தின் ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளி நூலகத்திலும் இம்மூவரின் நூல்களும் இருக்கட்டும். வாரம் ஒரு பாடவேளை அவற்றை வாசிக்கட்டும். பிறகு பிள்ளைகள் தங்கள் தெருவைப் பற்றி, தங்கள் பேச்சிலேயே எழுதட்டும்.