பழைய ஜீப்பும் பழகிய கைகளும்

1990இல் பொருளாதாரத் தடை வந்தபின் வன்னியில் பெற்றோல் அரும்பொருளாயிற்று. காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை இயக்கி, பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினோம். 1996இல் கிளிநொச்சி மக்கள் இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரம் வந்தபோதும் இப்படி ஓடிய வாகனங்களே கைகொடுத்தன. மண்ணெண்ணெய் என்ஜின் ஒயிலை நீர்க்கச் செய்யும், இயந்திரம் தேயும். அந்தத் தேய்வை ஈடுசெய்தது நம் மெக்கானிக்குகளின் கைத்திறனே.

இன்று வீட்டு முற்றத்தில் பழைய ஜீப்பைப் புதுப்பிக்கும் இளைஞருக்கு ஒன்று சொல்வோம். நிறப்பூச்சுக்கு முன் பிறேக்கைப் பாருங்கள். டீசல் இயந்திரம் பூட்டுவதானால், அதன் பாரத்தைச் சட்டமும் வில்லும் தாங்குமா என அந்த முதியவர்களிடம் கேளுங்கள். அவர்களை ஆசிரியர்களாக அழைத்து, கிராமந்தோறும் பயிற்சி தொடங்குவோம். கைகள் ஓய்ந்தபின் கற்பிக்க எவருமிரார்.