கேமரா போகவில்லை, வயர்தான் போயிருக்கிறது

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறப்பதற்குள் எங்கள் பகுதியில் ஒரு வசனம் தவறாமல் காதில் விழும். "சார், கேமரா போயிடுச்சு. புதுசுதான் போடணும்." வெளிச்சுவரில் மாட்டிய கேமராக்கள் தெருவுக்கு இரண்டு மூன்று இப்படி 'போய்விடுகின்றன'. குடியிருப்போர் சங்கங்களும் மறுபேச்சில்லாமல் பணத்தை எடுத்து நீட்டிவிடுகின்றன. இந்த வசனத்தை இனி யாரும் அப்படியே நம்பக்கூடாது என்பது என் கட்சி.

முப்பது வருடங்களுக்கு மேல் தொலைபேசிக் கேபிள் வேலை பார்த்தவன் நான். அங்கே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றுதான்: முதலில் முனையைப் பார், பிறகு இணைப்பைப் பார், கடைசியில் கருவியைப் பார். இன்று கேமரா மாட்ட வருகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கருவியைக் குற்றம் சொன்னால் ஒரு கேமரா விற்கும். முனையை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்தால் என்ன கிடைக்கும்? சில நூறு ரூபாய் கூலிதான்.

கேமரா உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். அதைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து, ஸ்விட்ச் பெட்டிக்குப் பக்கத்திலேயே நல்ல சின்ன கேபிளில் செருகச் சொல்லுங்கள். படம் வந்தால் கேமரா பிழைத்தது. பழுது வழியில் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் 'செத்துப்போன' இரண்டு கேமராக்களை நான் இப்படிக் கேட்டு வாங்கிச் செருகிப் பார்த்தேன். இரண்டும் படம் காட்டின. மேலே போய்ப் பார்த்தால் ஆர்ஜே45 முனையின் பித்தளைப் பற்களில் பச்சைக் களிம்பு. அந்த வயரிலேயே மின்சாரமும் போவதால், ஈரம் பட்ட முனை சீக்கிரம் அரித்துவிடும்.

அதைத் தடுக்கத்தான் கேமரா டப்பாவிலேயே ரப்பர் வளையத்தோடு ஒரு பிளாஸ்டிக் மூடி தருகிறார்கள். கேமரா உடம்பு மழையைத் தாங்கும். வெளியே தொங்கும் அந்த முனை தாங்காது. மூடியை முதலில் வயரில் கோத்துவிட்டுப் பிறகு கிரிம்ப் செய்ய வேண்டும். அந்த இரண்டு நிமிடம் யாருக்கும் இருப்பதில்லை. மூடி குப்பைக்குப் போகிறது, முனைக்குக் கறுப்பு டேப் சுற்றப்படுகிறது. வெயிலில் அந்த டேப் உரிந்து தொங்குவதைப் பார்க்காதவர் நம்மில் யார்?

இன்னொரு வகைப் பழுது. பகலெல்லாம் படம் தெளிவாக இருக்கும். இருட்டியதும் கேமரா அணைந்து அணைந்து எரியும். இரவில் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரிய ஆரம்பித்ததும் கேமரா கூடுதல் மின்சாரம் கேட்கிறது. வயர் அதைக் கொடுக்க முடியாமல் திணறுகிறது. காரணம் பெரும்பாலும் அலுமினியத்தின் மேல் தாமிரப் பூச்சு பூசிய மலிவு வயர். தாமிரத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு மின்தடை அதற்கு. பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். நாலு தடவை வளைத்தால் ஒடியும்.

எங்கள் தெருவில் வயதான ஓர் அம்மாவின் சங்கிலியைப் பறித்துக்கொண்டு ஓடினார்கள். காவலர் வந்து பதிவைக் கேட்டார். அந்த முனையில் இருந்த கேமரா அன்று மாலை ஆறரைக்கு மேல் எதையும் பதியவில்லை. மிச்சம் பிடித்தது வயரில் சில ஆயிரம். அந்த அம்மா இழந்தது மூன்று பவுன்.

"டெஸ்டரில் எட்டு விளக்கும் எரியுது சார்" என்பார்கள். எரியட்டும். எட்டுக் கம்பியும் அறுபடாமல் வரிசையாக இருக்கின்றன என்பதைத்தான் அது சொல்லும். பாரம் ஏறினால் தாங்குமா என்று சொல்லாது. அதே போல, நூறு மீட்டருக்கு மேல் ஒரே ஓட்டமாக இழுப்பதும், நடுவில் முறுக்கி ஒட்டுப் போடுவதும் கூடாது. பழைய டெலிபோன் லைனில் அப்படி ஒட்டுப் போட்டால் பேச்சு கரகரப்போடாவது கேட்கும். இங்கே படமே வராது.

வேலைக்கு வரும் பையன்களை மட்டும் நான் திட்டவில்லை. ஏணியில் ஏறி வெயிலில் காய்கிறவர்கள் அவர்கள். ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று முதலாளி கணக்கு வைத்தால் மூடியைக் கோக்க நேரம் எங்கே? எத்தனை மெகாபிக்சல் என்று விசாரிக்கும் சங்கங்கள், என்ன வயர் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. மிகக் குறைந்த விலை சொன்னவருக்கே வேலையைக் கொடுக்கின்றன. வயரே வேண்டாம், வைஃபை போடலாம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதற்கும் மின்சார வயர் போயாக வேண்டும், அதிலும் மழை பெய்யும்.

ஆகவே அடுத்த முறை பில்லில் 'முழுத் தாமிரம், வெளிப்புற உறை' என்று எழுதி வாங்குங்கள். மூடி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சுவருக்குள் நுழையும் முன் வயர் சற்றுக் கீழே தொங்கி, பிறகு மேலேறட்டும். மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். செருகிக் காட்டாமல் 'கேமரா போச்சு' என்று சொல்பவருக்கு ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள்.