பெயர் சொல்லாத ரசாயனம் நிலத்துக்குள் போகக் கூடாது: ஷேல் எரிவாயு குறித்து எங்கள் நிலைப்பாடு

ஷேல் பாறையின் நுண்துளைகளில் அடைபட்ட எரிவாயு, துளை போட்டதும் தானாக மேலே வந்துவிடாது. பேரழுத்தத்தில் நீரைச் செலுத்திப் பாறையைப் பிளக்க வேண்டும். பிளவு மூடிக்கொள்ளாமல் மணல் தாங்கும். மீதி வேலை ரசாயனங்களுடையது. துளைவாயைத் துப்புரவாக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம், குழாயில் உராய்வைக் குறைக்கப் பாலிஅக்ரிலமைடு, பாக்டீரியாவைக் கொல்ல குளூட்டரால்டிஹைடு. நீரைக் கெட்டியாக்கும் பசை கொத்தவரை விதையிலிருந்து எடுப்பது. ராஜஸ்தானிலிருந்து அமெரிக்காவுக்குப் போகிறது. அதன்மேல் எங்களுக்கு வழக்கில்லை.

ரசாயனம் ஒரு சதவீதம்தான் என்பது தொழில்துறையின் வாதம். ஒரு கிணற்றுக்கு 1.5 கோடி லிட்டர் திரவம் செலுத்தினால் அந்த ஒரு சதவீதம் 1.5 லட்சம் லிட்டர். ஒரு பகுதி பூமிக்குள்ளேயே தங்கும். திரும்புவது உப்பேறிய கழிவுநீர்.

அமெரிக்காவில் 2005-இன் எரிசக்திச் சட்டம், பாறையைப் பிளக்கச் செலுத்தும் டீசல் கலவாத திரவங்களுக்குக் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து விலக்கு கொடுத்தது. 2016-இல் அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, சில சூழல்களில் இத்தொழில் குடிநீரைப் பாதிக்கும் என்று அறிவித்தது. 1,084 ரசாயனங்களையும் பட்டியலிட்டது. நிறுவனங்கள் தந்த விவர அறிக்கைகளில் எழுபது சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில், ஒரு பொருளாவது வணிக ரகசியம் என்று மறைக்கப்பட்டிருந்தது. பெயர் தெரியாத பொருளை எந்த ஆய்வகத்தில் சோதிப்பது? சோதனை இல்லையேல் சான்று இல்லை; சான்று இல்லையேல் இழப்பீடும் இல்லை. ரகசியம் காப்பாற்றுவது இந்தச் சங்கிலியைத்தான். கொலராடோ மாநிலம் 2022-இல் எல்லா ரசாயனங்களையும் வெளியிடச் சொல்லிச் சட்டம் இயற்றியது. அங்கே முடிகிறதென்றால் இங்கே முடியாது என்பதை நாங்கள் ஏற்கமாட்டோம்.

காவிரிப் படுகையின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் ஷேல் எரிவாயு எடுப்பதை 2020-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அந்தத் தடையில் எந்தத் தளர்வுக்கும் நாங்கள் உடன்பட மாட்டோம். ஆனால், சட்டம் வருமுன்பே இயங்கிவந்த எண்ணெய், எரிவாயுப் பணிகளை அது தொடவில்லை. பழைய கிணற்றில் விளைச்சலைக் கூட்ட அமிலமோ வேறு ரசாயனமோ செலுத்துவதானால், அதன் பெயரையும் அளவையும் முன்கூட்டியே ஊராட்சியில் ஒட்ட வேண்டும். சுற்றியுள்ள கிணறுகளின் நீரை அதற்கு முன்னும் பின்னும் சோதிக்க வேண்டும். வணிக ரகசியம் என்ற விலக்கு கூடவே கூடாது. இதைத் தமிழக அரசு உடனே விதியாக்க வேண்டும். அதுவரை அத்தகைய பணி எதற்கும் ஒப்புதல் தரவேண்டாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.