மூச்சு மாயை அல்ல

சாவு வீட்டில் யாராவது 'வாழ்க்கையே மாயைதாங்க, பைபிள்லயே இருக்கு' என்று ஆரம்பித்தால் நம்பிவிடாதீர்கள். பழைய ஏற்பாட்டின் 'பிரசங்கி' புத்தகத்தைத்தான் சொல்கிறார். அதில் 30 தடவைக்கு மேல் வரும் எபிரேயச் சொல் 'ஹெபெல்'. அர்த்தம், மூச்சு, ஆவி. குளிர்காலக் காலையில் வாயைத் திறந்தால் புகை மாதிரி வருமே, அது.

ஜெரோம் அதை லத்தீனில் 'வானிடாஸ்' என்றார், அதாவது வெறுமை. தமிழில் அது, வேதாந்த வாசனையோடு, 'மாயை' ஆகிவிட்டது.

மாயை என்றால் உண்மையில் இல்லாதது. மூச்சு அப்படியா சார்? சட்டென்று போய்விடும், வாஸ்தவம். ஆனால் இருக்கிறவரை அதுதானே உயிர்!

ஆதியாகமத்தில் அண்ணன் காயீன் கையால் சாகிற ஆபேலின் பெயரும் எபிரேயத்தில் இதே சொல்தான். பைபிளில் விழுகிற முதல் பிணம். ஆபேல் வெறும் மாயை என்றால் காயீன் செய்தது எப்படிக் கொலையாகும்?

பாதுகாப்பில்லாத வேலையில் இறங்கிச் செத்தவன் வீட்டில் போய் 'எல்லாம் மாயை' என்பது ஆறுதல் இல்லை. காயீனுக்கு ஜாமீன்!

பிரசங்கி சொல்வதே வேறு. 9-ம் அதிகாரத்தைப் புரட்டுங்கள். சந்தோஷமாகச் சாப்பிடச் சொல்கிறார், வெள்ளை உடுத்தி, தலைக்கு எண்ணெய் தடவி, பிரியமான மனைவியோடு வாழச் சொல்கிறார். கிடைத்த வேலையை முழு பலத்தோடு செய்யச் சொல்கிறார். ஏன்? நாள் குறைச்சல்.

குறைச்சலாக இருப்பதைத்தான் ஜாக்கிரதையாகச் செலவழிக்க வேண்டும். அடுத்தவன் மூச்சையும் சேர்த்து!